மேல் வரிசையில் இருந்த நாற்பத்தெட்டு கப்பிகள்

நடந்தவை, வரிசைப்படி:

1. மே மாதம் முதல் வாரத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறைக்கு எதிரே உள்ள எஸ்.டி.டி. கடைக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. நாங்கள் அனுப்பிய 384 கப்பிகளில் 48 சுற்றவில்லை, உள்ளே துரு பிடித்திருக்கிறது என்றது அது.

2. முதலாளி சம்பத் சார் அதை மூன்று முறை படித்தார். துருப்பிடிக்காத எஃகில் துரு எப்படி வரும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

3. இரண்டாவது ஃபேக்ஸ் வந்தது. பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவரை நேரில் அனுப்புங்கள், பயணச் செலவு எங்களுடையது.

4. கையெழுத்து என்னுடையது.

5. அதுவரை நான் போன மிகத் தூரமான ஊர் நாகர்கோவில். அதுவும் சித்தி மகள் கல்யாணத்துக்கு.

6. ஜூன் மாதம் போனேன். ஆறு நாள் இருந்தேன்.

7. அது துரு இல்லை.

முதலில் கப்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிணற்றில் வாளி இறக்கும் கப்பியேதான். ஆனால் உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் எஃகுத் தகடு, நடுவில் ஒரு சக்கரம், சக்கரத்துக்குள் கடுகு மாதிரி குண்டுகள், குண்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ். பாய்மரப் படகில் கயிறு திரும்புகிற இடமெல்லாம் இப்படி ஒன்று இருக்கும். எங்கள் பட்டறையில் எவரும் பாய்மரப் படகைப் பார்த்ததில்லை. வரைபடத்தைப் பார்த்துச் செய்தோம்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள், பெயர் எஸ்தர், பட்டறையில் தரப் பரிசோதகர். ஆவடியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வேலைக்கு வருகிறேன். பட்டறையில் பத்தொன்பது பேர். அதில் ஐந்து பெண்கள் இந்த ஏற்றுமதி வேலைக்காகவே சேர்க்கப்பட்டவர்கள். அடுத்த ஆண்டுக்கு இரண்டாயிரம் கப்பி கேட்போம் என்று டென்மார்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அது வராவிட்டால் அந்த ஐந்து பேருக்கும் வேலை இல்லை. இதை சம்பத் சார் என்னிடம் ஒரு முறைதான் சொன்னார். ஒரு முறையே போதுமாக இருந்தது.

கிளம்புகிற அன்று டர்னர் மணி அண்ணன், "அங்க ஐஸ்லயே ஊடு கட்டிகினு கீறாங்களாம்மே, சொட்டர் எடுத்துகினியா?" என்றார். பேக்கிங்கைப் பார்த்துக்கொள்கிற பச்சையம்மா அக்கா வெள்ளானூரிலிருந்து வருகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எஸ்தரு, அவுங்க கைல சொல்லு. கொயந்தைய தூங்க வெக்கற மாரி பாத்துப் பாத்து பேக் பண்ணோம்னு சொல்லு. கப்பல்ல எவனாவது தண்ணிய ஊத்தி வெச்சிருப்பான்."

சொல்கிறேன் என்றேன்.

முதல் நாள் முழுக்க ரயில்தான். அந்த ரயில் ஒரு இடத்தில் தண்டவாளத்தோடு கப்பலுக்குள் போய் நின்றது. எல்லோரும் சாதாரணமாக இறங்கி, மாடிப்படி ஏறி, காபி குடிக்கப் போனார்கள். நான் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கப்பல் கரை சேர்ந்து ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் அடுத்த சங்கடம். டிக்கெட் பரிசோதிக்க வந்த பெண் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "நீங்கள் உட்கார்ந்திருப்பது தெற்கே போகிற பாதி" என்றார். அடுத்த நிலையத்தில் வண்டியை இரண்டாகக் கழற்றுவார்களாம். ஆவடி வண்டியா, திருவள்ளூர் வண்டியா என்று கேட்டுக் கேட்டு ஏறிப் பழகியவள் நான். ஒரே வண்டியில் பாதி ஒரு ஊருக்கும் பாதி வேறு ஊருக்கும் போகும் என்று யாருக்குத் தோன்றும்? அந்தப் பெண்ணே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் முன்னால் ஓடினார். பின்னால் நான் பையோடு ஓடினேன். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு பாதி தூளாகிவிட்டது.

கிராமத்தின் பெயர் கடைசிவரை என் வாயில் சரியாக வரவில்லை. அதனால் எழுதாமல் விடுகிறேன். நாற்பது வீடு இருக்கும். ஒரு கடை, ஒரு சர்ச், ஒரு படகுக் கொட்டகை. அதற்கப்புறம் மணல்தான். அரைத்துச் சலித்தது போல வெள்ளை மணல், இரண்டு பக்கமும் கண் போகிற வரைக்கும். அதன் மேல் ஆள் உயரத்துக்குப் புல். அந்த மணலில் ஒரு சுண்டல்காரர் இல்லை, பலூன் சுடுகிற பலகை இல்லை, குதிரை இல்லை, மாங்காய் இல்லை. இவ்வளவு பெரிய கடற்கரையை இப்படிச் சும்மா விட்டுவைத்திருக்கிறார்களே என்று முதல் நாள் எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

சென்னைக்காரி என்றதும் கடலோரத்தில் வளர்ந்தவள் என்று அங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் ஏரிப் பக்கம். கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். காணும் பொங்கலுக்குப் போய் கணுக்கால் நனைத்துவிட்டு வந்தால் அந்த வருடத்துக்குப் போதும் என்று நான் விளக்கினேன்.

கொட்டகையின் சொந்தக்காரர் இங்கர் என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். அகலமான தோள், கத்தரித்த நரை முடி, எப்போதும் சட்டைப் பையில் ஒரு பென்சில். படகு கட்டுவது அவர். படகு ஓட்டக் கற்றுத் தருவது அவருடைய கணவர் யென்ஸ். இருவரும் என்னைப் போலவே யோசித்து யோசித்து இங்கிலீஷ் பேசினார்கள். அதனால் எங்களுக்குள் குழப்பமே வரவில்லை.

கொட்டகைக்கு மேலே ஒரு அறையில் என்னைத் தங்க வைத்தார்கள். இரவு உணவு: உருளைக்கிழங்கு, கறுப்பு ரொட்டி, வினிகரில் ஊறிய பச்சை மீன். சமைக்க மறந்துவிட்டார்களோ என்று மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யென்ஸ், "அது இனி நீந்தாது" என்றார். மறுநாள் காலை உருளைக்கிழங்கு இல்லை. மதியம் உருளைக்கிழங்கு. என் பருப்புப் பொடியை எடுத்து அதன் மேல் தூவினேன். யென்ஸ் தட்டை நீட்டினார். அன்றிலிருந்து அவருக்கும் அதுவே. எலுமிச்சை ஊறுகாயை மட்டும் ஒரு முறை நக்கிவிட்டு எழுந்து, வெளியே போய், கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு வந்தார்.

இரண்டாம் நாள் காலை இங்கர் ஒரு செய்தித்தாளை விரித்து நாற்பத்தெட்டு கப்பிகளையும் அதன் மேல் கொட்டினார். இதையும் எழுத வேண்டும்: அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்கள் எஃகு நல்லதில்லை என்று நினைக்கிறேன். வேறு நாட்டிலிருந்து ஒருவர் மாதிரி அனுப்பியிருக்கிறார். அதற்கு முன்னால் உங்களைக் கேட்டுவிடலாம் என்றுதான்" என்றார்.

ஒவ்வொரு கப்பியிலும் எண் குத்தியிருந்தோம். அது என்னுடைய பிடிவாதம். மணி அண்ணன் மாதக்கணக்கில் அதைக் கிண்டல் செய்தார். ஒவ்வொன்றாக எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினேன். 85 முதல் 96. 181 முதல் 192. 277 முதல் 288. 373 முதல் 384. எழுதி முடித்த எண்களைப் பெட்டிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பெட்டிக்குத் தொண்ணூற்றாறு கப்பி. இவை ஒவ்வொரு பெட்டியிலும் கடைசியாக வைத்த பன்னிரண்டு. மேல் வரிசை. மோசமான எஃகு வரிசை பார்த்து வராது.

ஒன்றைக் கழற்றினேன். குண்டுகளைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாக, பிசின் போல இறுகிய ஒன்று. நடுவில் சிவப்புக் கோடு. "துரு" என்றார் இங்கர். கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தேன். விரல் சூட்டில் வாசனை எழுந்தது. கடலிலிருந்து நூறடி தூரத்தில், அந்தக் குளிரில், எனக்கு ஆயுத பூஜை வாசனை வந்தது.

சந்தனம், குங்குமம்.

அக்டோபரில் நடந்தது இதுதான். ஆயுத பூஜை அன்று எல்லா இயந்திரத்தையும் கழுவித் துடைத்து, லேத்துக்கு மாலை போட்டு, பொரி கடலை வைத்திருந்தார்கள். நான்கு பெட்டியும் மறுநாள் துறைமுகம் போக வேண்டும். பெட்டிகள் மூடாமல் இருந்தன. பச்சையம்மா அக்கா கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "எஸ்தரு, மொத மொத கடல் தாண்டிப் போவுது. ஒரே ஒரு பொட்டு வெச்சி அனுப்பிக்கட்டா?" என்று கேட்டார். ஓ.கே. முத்திரை போட்ட பிறகு பொருளை யாரும் தொடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவளே நான்தான். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டறையில் நானும் இன்னும் இரண்டு பேரும்தான் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நான் வேண்டாம் என்றால் அது பரிசோதகர் சொன்னதாக இருக்காது, வேதக்காரப் பெண் சொன்னதாகிவிடும் என்று பயந்தேன். "வைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போய்விட்டேன்.

சந்தனமும் கிரீஸும் கலந்து, ஏழு மாதம் ஒரு பெட்டியில் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. இப்போது எனக்குத் தெரியும். தண்ணீரில் கரையாது.

இங்கரிடம் அன்று எதையும் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். கடை வாசலில் இருந்த தொலைபேசியிலிருந்து எஸ்.டி.டி. கடைக்குக் கூப்பிட்டேன். கடைக்காரர் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய் அக்காவை அழைத்து வந்தார்.

"அல்லோ! எஸ்தரு! சாப்ட்டியா? இன்னா சோறு போட்றாங்க?"

"சாப்ட்டேன்கா. ஆயுத பூஜை அன்னிக்குப் பொட்டு வெச்சீங்களே, எங்க வெச்சீங்க?"

"மேல் வரிசைக்குத்தாம்மா. நாலு பொட்டிக்கும். ஒவ்வொண்ணுத்துக்கும் நடு சக்கரத்துல, சந்தனம் வெச்சி அதுமேல குங்குமம். சந்தனம் நீர்த்துப் போயிருந்துச்சி, கெட்டியா இருக்கட்டுமேன்னு ரெண்டு வாட்டி வெச்சேன். உன் கைல கேட்டுகினுதானே வெச்சேன்?"

"கேட்டீங்கக்கா."

"ஏம்மா, எதுனா தப்பாயிட்ச்சா?"

அங்கே லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது கேட்டது.

"என்னாலதானா?" என்றார் அக்கா.

"என்னாலயும்தான்கா. வந்து சொல்றேன்."

மூன்றாம் நாள் காலை கடற்கரைக்குப் போனேன். அந்த ஊரில் ஒரு பழக்கம். காலையில் பெண்கள் எல்லோரும் துவாலை அங்கியைப் போட்டுக்கொண்டு, தெருவில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு, கடலுக்குக் குளிக்கப் போகிறார்கள். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் நடக்கிற அதே கூப்பாடு. உறைந்துபோகிற தண்ணீரில் இறங்கிச் சிரிக்கிறார்கள். எனக்கு நீந்தத் தெரியாது என்றதும் என்னை மணலில் உட்கார வைத்து, மூக்குக் கண்ணாடிகளையும் மோதிரங்களையும் என் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெண், "உங்கள் ஊர்ப் பெண்கள் கடலில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். "புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவோம்" என்றேன். அதை அவர் தண்ணீருக்குள்ளிருந்தவர்களுக்கு மொழிபெயர்த்தார். அங்கே ஒரே சிரிப்பு.

ஏழு கண்ணாடிகளோடு உட்கார்ந்து யோசித்தேன். கப்பலில் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது. எஃகு தப்பிக்கும், ஆர்டரும் ஒருவேளை தப்பிக்கும். உண்மையைச் சொன்னால் எஃகு தப்பிக்கும், என் கையெழுத்து தப்பிக்காது.

இங்கர் தலை துவட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, பொட்டு, நான் சரி என்று சொன்னது, ஏன் சொன்னேன் என்பது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்து ஒருவர் உள்ளே ஏதோ பூசினார். உங்களுக்குத் தெரியும். அப்படியானால் அந்தத் தாளை நான் எதற்கு வாங்கினேன்?"

"எதற்கும் இல்லை" என்றேன்.

மதியச் சாப்பாட்டில் இங்கர் இதை யென்ஸிடம் சொன்னார். யென்ஸ் பருப்புப் பொடியைத் தூவிக்கொண்டே, "நாமும் புதுப் படகில் பாய்மரம் நடும்போது அடியில் ஒரு நாணயம் வைக்கிறோமே" என்றார்.

"பாய்மரத்துக்கு அடியில்" என்றார் இங்கர். "கப்பிக்குள் இல்லை."

நாற்பத்தெட்டையும் சுத்தம் செய்ய அனுமதி கேட்டேன். "செய்யுங்கள். ஆனால் அதனால் நான் எதையும் உறுதி சொல்லவில்லை" என்றார். அன்று பிற்பகலும் நான்காம் நாள் முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி, ஒரு தட்டு. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊற வைத்து, தேய்த்து, துடைத்து, குண்டுகளை எண்ணி, புதுக் கிரீஸ் வைத்து, திரும்பப் பூட்டினேன். வாசல் வழியே மணல் பறந்து வந்துகொண்டே இருந்தது. தலையில், ரொட்டியில், நோட்டுப் பக்கங்களுக்குள்ளும் மணல். கதவைச் சாத்தினால் வெளிச்சம் போய்விடும். கடைசியில் யென்ஸ் ஒரு கிழிந்த படகுப் பாயைக் கொண்டுவந்து எனக்கு ஒரு கூடாரம் கட்டிக் கொடுத்தார். உள்ளே மஞ்சள் வெளிச்சம். வெளியே அலைச் சத்தம். வேலை செய்ய இவ்வளவு நல்ல இடம் எனக்கு வாய்த்ததில்லை.

ஐந்தாம் நாள் படகில் மாட்டிப் பார்த்தோம். தக்கை அடைத்த ஆரஞ்சு நிற அங்கியை இங்கர் எனக்குக் கட்டிவிட்டார். மூச்சு விட முடியாத இறுக்கம். யென்ஸ் சுக்கான் பக்கம், இங்கர் எனக்குப் பக்கத்தில். என் கையில் ஒரு கயிறு. "இழுங்கள்" என்றார். இழுத்தேன். அந்தக் கயிறு நான் தேய்த்துக் கழுவிய 85ஆம் எண் கப்பி வழியே மேலே ஓடி, வெள்ளைப் பாய் முழுவதும் சத்தமே இல்லாமல் எழுந்து நின்றது. காற்று அதில் விழுந்ததும் படகு சாய்ந்தது. நான் கத்தினேன். "புடவை இல்லாமலும் கத்துகிறீர்கள்" என்றார் இங்கர். அவர் என்னிடம் சொன்ன முதல் வேடிக்கை அது.

பாயின் அடியில் கட்டியிருந்த நீளக் கட்டை படகின் குறுக்கே பக்கம் மாறும்போதெல்லாம் "தலை!" என்று யென்ஸ் குரல் கொடுப்பார். நான் குனிந்துவிடுவேன். நான்காவது முறை குரல் வருவதற்கு முன்பே குனிந்தேன். கரையிலிருந்து பார்க்கும்போது அந்த வீடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. கடலிலிருந்து பார்த்தால் சிவப்புக் கூரைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, குளிக்க வந்த பெண்களைப் போல நெருங்கி நின்றன. கீழே தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடி மணலில் எங்கள் பாயின் நிழல் கூடவே வந்தது. வரைபடத்தில் அம்புக்குறியாகப் பார்த்த விசை ஒவ்வொன்றையும் அன்று என் கையில் உணர்ந்தேன்.

நாள் முழுக்கக் கரைக்கு வருவதும், கப்பிகளை மாற்றுவதும், திரும்பப் போவதுமாக இருந்தோம். நாற்பத்தெட்டும் சுற்றின. ஆனால் 379ஆம் எண்ணில், பாரம் ஏறும்போது எனக்கு ஒரு சின்ன நறநறப்பு தெரிந்தது. கழற்றிக் கையில் வைத்துச் சுற்றினேன். இங்கரும் சுற்றிப் பார்த்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது."

"இல்லை. இது ரிஜெக்ட்."

"எனக்கு எதுவும் தெரியவில்லை. யென்ஸ், உனக்கு?"

யென்ஸும் சுற்றிப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார்.

"எனக்குத் தெரிகிறது" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி, நோட்டில் எழுதினேன்: தேறியவை 47, கழித்தது 1. தேதி போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினேன். இங்கர் அதை வெகுநேரம் பார்த்தார். பக்கத்தைக் கிழித்து, மடித்து, பென்சிலோடு பையில் வைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் வந்தார்கள். மீதிப் பருப்புப் பொடி யென்ஸிடம் போனது. குளிக்கிற பெண்களில் இருவர் அங்கியோடு ஓடி வந்து கையசைத்தார்கள். பஸ் ஏறும் நேரத்தில் இங்கர் சொன்னார்: "இரண்டாயிரம் கொடுக்க மாட்டேன். யோசித்துவிட்டு எழுதுகிறேன்."

அம்பத்தூர் திரும்பியதும் எல்லோரையும் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். முதல் தப்பு என்னுடையது என்று தொடங்கினேன். பச்சையம்மா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மணி அண்ணன், "ஏன்க்கா, சாமிக்குக் கூட ஒரு பொட்டுதான் வெப்ப, கப்பிக்கு ரெண்டா?" என்றார். அக்கா, "போடா, உன் லேத்துக்கு இனிமே ஒண்ணுகூடக் கிடையாது" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்கே வோணாம்னு சொல்லிருந்தா நான் இன்னா உன்ன கடிச்சா துன்னுட்டிருப்பேன்? வேலன்னா வேலைதானேம்மா" என்றார். அன்று நான் பயந்த விஷயம் அவ்வளவுதான்.

ஜூலை கடைசியில் ஃபேக்ஸ் வந்தது. ஆயிரம் கப்பி. மீதி ஆயிரம் அந்த வேறு நாட்டுக்காரருக்கு. அடுத்த ஆண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

இப்போதைய நிலை: ஆயிரத்தில் நானூற்றுப் பத்து முடிந்துவிட்டது. கழித்தவை ஆறு. ஐந்து பெண்களில் மூன்று பேர் வேலையில் இருக்கிறார்கள். கடைசியாகச் சேர்ந்த இரண்டு பேரை சம்பத் சார் போன மாதம் நிறுத்திவிட்டார். ஒருத்திக்குப் பாடியில் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொருத்திக்கு இன்னும் கிடைக்கவில்லை.